எழுநூறு வீடியோவும் ஒரு சட்டையும்

சனிக்கிழமை மதியம் மூன்றரை மணி. சாப்பாட்டு மேசைமேல் ஓர் ஆண் சட்டை விரிந்து கிடந்தது. நீலக் கட்டம் போட்ட பழைய சட்டை. காலையில் அதன் தோள்பட்டையில் பொத்தான் அளவு இருந்த ஓட்டை, இப்போது கை முழுதாக நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. கத்தரிக்கோலைப் பிடித்தபடி அதையே வெறித்துக்கொண்டிருந்தாள் கைவேலைக்காரி. தண்ணீர்ச் செம்பில் சாய்ந்து நின்ற கைபேசி, "அவ்ளோதாங்க, ரொம்ப ஈஸி!" என்றது.

கைவேலைக்காரி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. எட்டு மணி நேரமும் இரண்டு திரைகளுக்கு முன்னால். அந்தக் களைப்பு தீர, பேருந்தில், சாப்பாட்டு வேளையில், படுக்கையில் என்று மூன்றாவது திரையைப் பார்ப்பாள். அதில் ஓடுவதெல்லாம் தையல். பூப்பின்னல், ஒட்டுத்தையல், கிழிசலுக்கு இழை ஓட்டுவது என்று சேமித்து வைத்த வீடியோ மட்டும் எழுநூறு. ஒருநாள் அதில் ஒரு பூவைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். "நீங்க போட்டதா?" என்று யாரோ கேட்டார்கள். சிரித்தாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பொய் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைக்கவும் இல்லை. அத்தனை பார்த்ததில், தனக்கும் தெரியும் என்றே மனசு நம்பிவிட்டது. ஊசி, நூல், துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம் எல்லாம் வாங்கிய பெட்டி ஒன்றரை வருடமாக அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் இருந்தது என்பது வேறு விஷயம்.

அலுவலக வரவேற்பு மேசையில் உட்காரும் பெண்தான் அந்தச் சட்டையைக் கொண்டுவந்தாள். காலை பத்து மணிக்கு, வாசலில் நின்றபடியே பேசினாள்.

"அக்கா, இது அவரோட சட்டை. அவர் தவறி பதினோரு மாசம் ஆச்சு. பாப்பா இதைப் போட்டுக்கிட்டாதான் தூங்குறா. கடையில குடுத்தா மெஷின்ல இறுக்கிடுவாங்க, தோள்ல உறுத்தும். நீங்க கையால போட்டுக் குடுத்தா போதும். அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன். இது இல்லாம ராத்திரி அவளைப் படுக்க வைக்க என்னால முடியாது."

தெரியாது என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதும். கைவேலைக்காரி சொன்னது வேறு. "இதெல்லாம் ஒரு வேலையா? குடு."

வீடியோவில் வரும் பெண் முதலில் ஓட்டையின் ஓரத்தைக் கத்தரித்துச் சுத்தம் செய்வாள். அது புதுத் துணி. இது துவைத்துத் துவைத்து நைந்த துணி. கத்தரி பட்டதும் இழைகள் அவிழ்ந்து ஓடின. ஓடியதைப் பிடிக்க ஊசியைக் குத்தி நூலை இழுத்தாள். துணி பிய்ந்துகொண்டு வந்தது. வீடியோவை நிறுத்த ஒரு கை, பின்னால் தள்ள ஒரு கை, துணியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

கணவர் எட்டிப் பார்த்தார். முதலில் கிண்டல்தான் வந்தது. "என்ன டீச்சரம்மா, எந்த வீடியோல இந்த டிசைன் வந்துச்சு?" அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சரி விடு. இதே கட்டத்துல சட்டை கடையில கெடைக்கும். நல்லாக் கசக்கிப் போட்டா பழசாட்டம் தெரியும். சின்னக் கொழந்தைக்கு என்ன தெரியப்போகுது?"

அவளுக்கும் அந்த ஆசை வந்தது. பெருவிரல் தானாகவே கைபேசியில் சட்டை தேடியது. ஒன்று அச்சு அசலாக அகப்பட்டது. பக்கத்துக் கடையிலேயே இருப்பதாகவும் காட்டியது. மணி நாலேகால். ஓடினால் வாங்கிவிடலாம். செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். அப்போதுதான் மேசைமேல் கிடந்த சட்டையின் காலர் கண்ணில் பட்டது. ஒரு மனிதனின் கழுத்து வருடக்கணக்காக உரசித் தேய்ந்த காலர். இதை எந்தக் கடையில் வாங்குவது? செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. தாயோடு ஐந்து வயது மகளும் வந்திருந்தாள்.

"மன்னிச்சுடுப்பா," என்றாள் கைவேலைக்காரி. "எனக்குத் தைக்கத் தெரியாது. ஸ்டேட்டஸ்ல வெச்ச அந்தப் பூகூட நான் போட்டதில்ல. பாத்ததுதான். சட்டையை நானே கிழிச்சுட்டேன்."

வரவேற்பு மேசைப் பெண் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"எழுநூறு வீடியோ பாத்தேன்னு பெருமையா சொல்லுவீங்களேக்கா. அதுல ஒண்ணே ஒண்ணைக் கையால தெச்சுப் பாத்திருந்தா இது ஆகியிருக்குமா? தெரியாதுன்னு சொல்லியிருந்தா நானே கோணல்மாணலா ரெண்டு தையல் போட்டிருப்பேனே!"

குழந்தை சட்டையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "அம்மா, இது செத்துப் போச்சா?" என்று கேட்டது.

"இல்லடி கண்ணு," என்று தாய் அவசரமாகச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தாள். சட்டையை வாங்கி, அதன் கீழ் ஓரத்தில் இருந்து ஒரு துண்டை வெட்டி, ஓட்டைக்கு அடியில் வைத்தாள். "அந்தப் போனைக் கவுத்துப் போடுங்க. நான் இழுத்துப் பிடிக்கிறேன். நீங்க தைங்க."

"நானா?"

"நீங்கதானே கிழிச்சீங்க?"

ஒன்றேகால் மணி நேரம் ஆனது. விரலில் நாலு இடத்தில் குத்து. நூல் சிக்கியது, பிரித்தார்கள், மறுபடி சிக்கியது. தையல் ஒழுங்காக வரவில்லை, ஆனால் பிடித்தது. குழந்தை சட்டையை மாட்டித் தோளைத் தடவிப் பார்த்தது. "இங்க மேடா இருக்கு," என்று முகத்தைச் சுளித்தது. பிறகு, கழற்றாமலேயே வாசலுக்கு நடந்தது.

கைவேலைக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. "அடுத்த சனிக்கிழமை கொண்டு வாப்பா. பிரிச்சு நல்லாத் தெச்சுத் தரேன்."

வரவேற்பு மேசைப் பெண் செருப்பை மாட்டியபடி திரும்பினாள். கோபம் முழுதாகத் தணியவில்லை.

"வேணாங்க்கா. மொதல்ல உங்க வீட்டுக் கிழிசலை எடுத்துத் தைங்க. வீடியோ பாக்குறதுல தப்பே இல்ல. ஒண்ணு பாத்தா, அதைக் கையால ஒரு தடவை செஞ்சு முடிச்சுட்டு அடுத்ததைத் தொறங்க. செய்யச் செய்ய, எது தெரியும் எது தெரியாதுன்னாவது உங்களுக்கே புரியும். அது புரிஞ்ச அன்னைக்குச் சொல்லுங்க, நானே சட்டையைக் கொண்டுவந்து தரேன்."