ஆட்டுக் கழுத்தில் பேரனின் தாயத்து

"பேரனோட கொடி அந்த ஆட்டு வயித்துல இருக்குதுங்க சம்பந்தி. அதை அறுத்தா இன்னா அர்த்தம்? பேரனையே கொழம்பு வச்ச மாதிரி."

"அப்ப வர்ற அறுபது பேருக்கும் இன்னா போடச் சொல்றீங்க? சாமச் சோறும் பூசணிக்காயுமா? பொண்ணு வூட்ல கறி போடலன்னு கீழ போய்ச் சொல்றதே உங்க ஆளுங்கதான்."

கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்த என் காதில் இவ்வளவும் விழுந்தது. முதலில் பேசியது என் மகளின் மாமியார் மாணிக்கம்மாள், மலைக்குக் கீழே கண்ணமங்கலத்துக்காரர். பதில் சொன்னது என் மனைவி காந்தா. நாங்கள் காவலூர்ப் பக்கம் மலையில் சாமை போடுகிறவர்கள்.

விஷயம் இதுதான். மகள் பிரியதர்ஷினிக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. ஒன்பதாம் நாள் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது. அதைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளைக்குக் கட்டுவது இரண்டு வீட்டிலும் வழக்கம். சம்பந்தியம்மா வெள்ளித் தாயத்தோடு வந்திருந்தார். கொடியை மஞ்சள் துணியில் முடிந்து முறத்தில் வைத்தார்கள். பக்கத்திலேயே கோயில் விபூதி முடிச்சு ஒன்றும் அதே மாதிரி மஞ்சள் துணியில் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் நான் விபூதியை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முறம் காலி. பேர் வைக்கும் விருந்துக்கு நான் வளர்த்த கிடா, மஞ்சள் துணியின் கடைசி நூலை மென்றுகொண்டிருந்தது.

"நீங்களே ஒரு நாயத்தச் சொல்லுங்கண்ணா" என்று சம்பந்தியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு நாள் பாக்கலாம். தன்னால வெளிய வந்துட்டா..." என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், திரும்பப் போய் இன்னொரு தடவை பல் துலக்கினேன்.

மாப்பிள்ளை குணசீலன் மட்டும் என் யோசனையை நம்பினார். இரண்டு நாள் ஒரு குச்சியோடு கிடாவின் பின்னாலேயே நடந்தார். "வெறும் புழுக்கைதாங்க மாமா" என்று வந்து சொன்னார்.

கடைசியில் சம்பந்தியம்மா ஜெயித்தார். பதினாறாம் நாள் வேனில் வந்த அறுபது பேரும் பூசணிக்காய் சாப்பிட்டார்கள். ஒரு பெரியவர் மெதுவாக, "கறி எங்கம்மா?" என்றார். "அதோ கட்டியிருக்குது பாருங்க" என்று காந்தா கையைக் காட்டினாள்.

பிள்ளையின் காதில் மூன்று முறை பூவரசன் என்று சொன்னோம். எழுந்திருக்கப் போனேன். "அங்கயும் ஒரு வாட்டி சொல்லிடுங்கண்ணா. பாதி உசுரு அங்கதான இருக்குது" என்றார் சம்பந்தியம்மா. கிடாவின் காதிலும் சொன்னேன். அது தும்மியது. நல்ல சகுனம் என்று தாயத்தை அதன் கழுத்திலேயே கட்டினார்கள்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. தினம் காலையில் அந்த விபூதி முடிச்சைப் பிரிக்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் நிலத்துக்குப் போவேன். போன வெள்ளிக்கிழமை நெற்றிக்கு வைக்கலாமென்று பிரித்தேன். உள்ளே விபூதி இல்லை. காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி கறுப்பாக ஒன்று இருந்தது.

கிடா தின்றது விபூதியைத்தான்.

மூன்று மாதம் முடிந்ததும் தாயையும் பிள்ளையையும் கண்ணமங்கலத்துக்கு அழைத்துப் போக வருகிறார்கள். கிடாவுக்கும் அங்கே கொட்டகை போட்டாயிற்று. காந்தா இப்போது அதைப் பெரியவனே என்றுதான் கூப்பிடுகிறாள். பூவரசா என்று நான் கூப்பிட்டால் ஓடி வருவது அது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே கறி. சொல்லாவிட்டால் பேரனுக்குத் தாயத்து இல்லை, கொடி என் பர்ஸில் கிடக்கிறது.

இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் யாராவது யோசித்து, சொல்லலாமா வேண்டாமா என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.