கூடவே வராத துண்டு

எனக்குத் தலைகால் புரியவில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் வேறு, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் வேறு. நாங்கள் இரண்டாவது வகையை மட்டும் பிரித்தெடுத்து, வளர்த்து, ஒரு மருந்தைக் கொடுத்து, உள்ளே என்னென்ன புரதம் இருக்கிறது என்று மெஷினில் பார்த்தோம். இன்சுலின் கொட்டிக் கிடந்தது!

வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? உடனே தம்பிக்கு போன் போட்டேன். பள்ளிக்கூட வயதிலிருந்து தினமும் வயிற்றில் ஊசி குத்திக்கொள்கிறவன் அவன்.

"டேய், இருக்கிற செல்லையே இன்சுலின் சுரக்க வெச்சிடலாம் போலிருக்குடா. ஊசியே வேணாம்!"

பக்கத்தில் அம்மா சந்தோஷத்தில் அழுவது கேட்டது.

மறுநாள் பிடித்தது சனியன். மருந்தே காட்டாத செல்களிலும் அதே அளவு இன்சுலின்! அதுமட்டுமா? செல் ஒரு பெரிய புரதத்தை வெட்டித்தான் இன்சுலினைச் செய்யும். வெட்டியதில் மிஞ்சும் துண்டும் கூடவே கிடக்க வேண்டும். அதைத் துளிகூடக் காணோம்.

எங்கள் லேபில் செல் வளர்க்கிற சோடாபுட்டிக் கண்ணாடிப் பையனைப் பிடித்துக்கொண்டேன். "ஒழுங்காத்தான் பிரிச்சியா? இன்சுலின் செல்லும் கலந்துடுச்சா?"

"கலந்திருந்தா அந்தத் துண்டும் வந்திருக்குமேக்கா."

"அப்போ இன்சுலின் என்ன, வானத்துலேருந்தா குதிச்சுது?"

அவன் செல்களுக்குத் தீனி வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். இளஞ்சிவப்புத் திரவம்.

"அதுல என்னென்னடா இருக்கு?"

"வழக்கமானதுதான்க்கா. உப்பு, சர்க்கரை, வைட்டமின், செல் நல்லா வளர கொஞ்சம் இன்சு…"

அவன் கை அப்படியே நின்றது. நான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். கடையில் வாங்கிய சுத்தமான இன்சுலின், அதில் துண்டு எங்கிருந்து வரும்? எப்போதும் ஊற்றுவதுதான். அதனாலேயே ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டேன். "அது செல் செஞ்சதில்லடா. நாங்களே வெளியிலேருந்து ஊத்தினது."

அவன் சிரித்தான். "அட, அந்த செல்லும் என் கேஸ்தானா, வெளியிலேருந்து ஏத்திக்கிட்டு?"

"திட்டுடா என்னை."

"போடி லூசு. இரு, ஊசி போட்டுட்டு வரேன், சாப்பாடு ஆறுது. அம்மாகிட்ட நானே மெதுவா சொல்லிக்கறேன்."

போனை வைத்துவிட்டுப் போனான், அணைக்காமல். அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான். என் பொண்ணே சொல்லிட்டா."