மாப்பிள்ளைப் பாத்தி

1

இந்தக் கதை என்னிடம் வந்தபோது கோதுமைக் கதையாகத்தான் வந்தது. உழவர்களுக்கு மாத இதழ் நடத்தும் நண்பர் ஒருவர் போன் செய்து, "கோதுமைக்கு எவ்வளவு யூரியா போடணும்னு சென்சார் வச்சுப் பாத்துச் சொல்றாங்களாம். அத வச்சு ஒரு கதை குடுங்க" என்றார். நானும் சரி சரி என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திண்டுக்கல்லில் கோதுமை எங்கே விளைகிறது? ரேஷன் கடையில்தான் விளைகிறது.

நம்ம பக்கம் மக்காச்சோளம். ஆகவே கோதுமையைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளத்தை ஊன்றினேன். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான், அது பச்சையைத்தான் பார்க்கும். ஆனால் ஊரும் ஆட்களும் மாறியதும் கதை என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்றுவிட்டது. நண்பர் கேட்டது ஒரு நல்ல செய்தி. எனக்கு வந்து சேர்ந்தது ஒரு வருத்தம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'வடமதுரையில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டியதும், காலை வெயிலில் தகதகவென்று...'

வேண்டாம். எந்தக் கதையைத் திறந்தாலும் வெயில் தகதகவென்றுதான் இருக்கிறது.

'அறிவுச்செல்வி அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால்...'

இது பரவாயில்லை. ஆனால் என்ன கேள்வி என்று சொல்லாமல் உங்களை இழுத்தடிக்க எனக்கு மனசில்லை. கேள்வி இதுதான்: "மதினி, நான் சொன்ன மாதிரிதான உரம் போட்டீங்க?" அவ்வளவுதான். அதைக் கேட்காததால்தான் மதினி கையை விட்டுக் காடு போகப்போகிறது. (காடு என்றால் புலி திரியும் காடு இல்லை. எங்கள் பக்கம் வெள்ளாமை நிலத்துக்கே அதுதான் பேர்.)

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அறிவுச்செல்வி விவசாயம் படித்தவள். ஒரு கம்பெனிக்காக சென்சார் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். சண்முகவள்ளி அவளுடைய அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் கண்ணன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி வண்டி ஓட்டுகிறான், வீட்டுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமைதான். உழவு, விதைப்பு, ஆள் கூப்பிடுவது எல்லாம் சண்முகவள்ளி பாடு. வீட்டில் கண்ணன் வைத்ததுதான் சட்டம். காட்டுக்குள் கால் வைத்தால் மட்டும் அவள் குரல் ஓங்கும்.

ஊரில் ஒருத்தரும் கருவியை உள்ளே விடச் சம்மதிக்காதபோது, "நம்ம காட்டுக்குக் கொண்டா செல்வி. எவன் என்ன சொல்றான்னு நான் பாத்துக்கிறேன்" என்றவளும் அவள்தான்.

அறிவுச்செல்வி வரப்பில் உட்கார்ந்து விளக்கினாள். "நடுவுல இந்த ஒரு பாத்திக்கு மட்டும் ஆரம்பத்துலயே யூரியாவ நெறையப் போட்டுருங்க மதினி. பயிரு முழங்கால் ஒசரம் வந்ததும் நான் கருவியோட வாரேன். வயிறு நெறஞ்ச பயிரு எம்புட்டுப் பச்சையா இருக்கு, மத்தது எம்புட்டுப் பச்சையா இருக்குன்னு அது பாக்கும். அந்த வித்தியாசத்த வச்சுத்தான் மத்ததுக்கு எம்புட்டு மேலுரம் வேணும்னு சொல்லும்."

"அதாவது மாப்பிள்ளைக்குக் கறிச்சோறு போட்டு, அவரு மொகத்தப் பாத்து நம்ம பசிய அளக்குறது."

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்" என்று சிரித்தாள் அறிவுச்செல்வி.

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளைப் பாத்தி என்று பேராகிவிட்டது.

[ஓரக்குறிப்பு: கம்பெனிக் கையேட்டில் அதன் பெயர் 'ஒப்பீட்டுப் பட்டை'. அந்தப் பெயரோடே இருந்திருந்தால் யாரும் அதைப் பார்த்து வயிறெரிந்திருக்க மாட்டார்கள், மற்ற பாத்திகளுக்காகப் பரிதாபப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.]

4

இங்கேதான் எனக்கும் சண்முகவள்ளிக்கும் தகராறு.

கதைப்படி அவள் மாப்பிள்ளைப் பாத்திக்கென்று வைத்த யூரியாவை எல்லாப் பாத்திக்கும் பிரித்துப் போட்டுவிட வேண்டும். ஏன் அப்படிச் செய்வாள்? 'அவளுக்குப் புரியவில்லை' என்று முதலில் எழுதினேன். எழுதின கையோடு அடித்தேன். அத்தனை விளக்கத்தையும் ஒரு கறிச்சோற்றில் சொன்னவளுக்கா புரியாது? 'பேராசை' என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் அபாண்டம்.

மூன்றாவது தடவை அவளைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். இடுப்பில் யூரியா அன்னக்கூடை. மாப்பிள்ளைப் பாத்தியில் ஒரு கை வீசினாள். இன்னொரு கை அள்ளினவள், பக்கத்துப் பாத்திப் பயிரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். காற்றுக்கு அதுவும் இதுவும் ஒன்றுபோலத்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரே பந்தியில உக்கார வச்சுக்கிட்டு ஒருத்தனுக்கு மட்டும் பரிமாறவா? மனுசி செய்ற வேலையா இது?" என்று முனகிக்கொண்டே கூடையோடு காடு முழுக்க நடந்தாள். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது.

5

சொன்னபடி அறிவுச்செல்வி கருவியோடு வந்தாள். பயிருக்கு மேலே பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைப் பாத்தியில் நடந்தாள், மற்ற பாத்திகளிலும் நடந்தாள். எங்கே பிடித்தாலும் ஒரே எண். கருவியைக் குற்றம் சொல்லாதீர்கள். எல்லாம் ஒரே பச்சையாக இருந்தால் எல்லாமே வயிறு நிறைந்தது என்றுதான் அது சொல்லும். எல்லாமே ஒன்றுபோல அரைவயிறு என்பது அதற்கு எப்படித் தெரியும்?

அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளடித்திருந்தன, பயிர் பசித்துக் கிடப்பதற்கு அதுதான் அடையாளம். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கேட்டால் மதினியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். ஊரே கதவைச் சாத்தினபோது காட்டைத் திறந்துவிட்டவளிடம் போய் எப்படிக் கேட்பது? விழுங்கிவிட்டாள்.

"மேலுரம் வேண்டாம் மதினி. பயிருக்குச் சத்து போதும்னு காட்டுது."

சண்முகவள்ளிக்கு வாயெல்லாம் பல். "எல்லாம் ஒண்ணுபோல இருக்குன்னா காட்டுது? நெசமாவா?" என்று மறுபடியும் கேட்டாள். தான் செய்தது சரிதான் என்று கருவியே ஒத்துக்கொண்டதாக நினைத்துவிட்டாள். விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். பேச்சை மீறியது தெரிந்தால் பிள்ளை சங்கடப்படுமே என்று அவளும் விழுங்கிவிட்டாள்.

ஒருத்தி மரியாதைக்காகக் கேட்கவில்லை, இன்னொருத்தி பிரியத்துக்காகச் சொல்லவில்லை. (வாக்கியம் ரொம்ப அழகாக விழுந்துவிட்டது. அதனாலேயே அதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.)

6

கதிர் ஒடித்தபோது பாதிக்கு மேல் நுனிவரை மணி பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த கண்ணன் ஒவ்வொன்றாகத் தோகையை உரித்து உரித்து எறிந்தான்.

"மேலுரம் போட்டியா இல்லையாடி?"

அறிவுச்செல்வி பக்கத்தில்தான் நின்றாள். அவள் நெஞ்சு படபட... விடுங்கள், நெஞ்சு படபடக்காத கதை எது?

"செல்வி போடத்தான் சொன்னா. நாந்தேன் அசந்துட்டேன்" என்றாள் சண்முகவள்ளி.

பச்சைப் பொய். நாத்தனார் வேலைக்கு வேட்டு வந்துவிடக் கூடாதே என்று சொன்ன பொய். அறிவுச்செல்வி குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

"அசந்துட்டியா? அப்ப ஒனக்கு எதுக்கு வெள்ளாம? இனிமே காட்டுப் பக்கம் கால் வைக்காத" என்றான் கண்ணன். பக்கத்துக் காட்டு ஒச்சப்பனிடம் காட்டைக் குத்தகைக்கு விடப் பேசவும் ஆரம்பித்தான். சண்முகவள்ளி நூல் மில்லுக்குப் போகிறாள் இப்போது. மில் வேனில் மற்ற பெண்கள் கதை பேசிக்கொண்டு வருவார்கள். அவள் பேசுவதில்லையாம்.

7

வேனுக்குக் காத்து நின்ற ஒரு காலையில் அவளே சொன்னாள். "ஒன் கருவி மேல குத்தமில்ல செல்வி. அத நெனச்சு மருகாத. மாப்பிள்ளைக்கு வச்சத நாந்தேன் எல்லாத்துக்கும் பங்கு வச்சுட்டேன். மனசு கேக்கல."

'அறிவுச்செல்வி கண் கலங்கினாள்' என்று எழுதினேன். இல்லை, பொய். முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, தப்பு என்மேல் இல்லை! அந்த அப்பாடா முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சண்முகவள்ளி அதைப் பார்த்துவிட்டு, "சரி, நான் வாரேன்" என்று வேனில் ஏறிவிட்டாள்.

மகசூல் போனதுகூட அறிவுச்செல்விக்கு ஆறிவிடும். அந்த அப்பாடா ஆறவில்லை. தனக்காகப் பொய் சொல்லிக் காட்டை இழந்தவள் முன்னால் நின்றுகொண்டு தனக்கு மட்டும் எப்படி மூச்சு லேசாயிற்று என்று நினைத்து நினைத்து அழுகிறாள்.

கவனித்தீர்களா, இவள் அழுகையை நான் எவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன்? வேனில் போனவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன நினைத்தாள் என்று ஒரு வரி ஓடவில்லை. இருக்கிற சொல்லையெல்லாம் ஒருத்திக்கே போட்டுவிட்டேன்.

8

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. குத்தகையை முடிக்க ஒச்சப்பன் வெற்றிலை பாக்கோடு வருகிறார். கைமாறிவிட்டால் காடு போனது போனதுதான். அதற்குள் அறிவுச்செல்வி அண்ணனிடம் பேசியாக வேண்டும். என்ன பேசுவாள்?

ஒரு முடிவில் முழு உண்மையையும் சொன்னாள். கண்ணன் பொறுமையாகக் கேட்டான். "அப்ப உரத்தையும் கெடுத்துட்டு எங்கிட்ட பொய்யும் சொல்லிருக்கா" என்றான். மதினிக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று. அடித்தேன்.

இன்னொன்றில், "கருவி தப்பாக் காட்டிருச்சுண்ணே, மேலுரம் வேண்டாம்னது நாந்தேன்" என்றாள். காடு மதினிக்குத் திரும்பியது. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊர்க் காட்டில் அந்தக் கருவியோடு கால் வைப்பாள்? பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றியவளைப் பொய் சொல்லியே காப்பாற்றுவதா? அடிக்கவும் மனசில்லை, வைக்கவும் மனசில்லை.

மூன்றாவது முடிவில் பேசாமல் திரும்பிப் போனாள். எழுத அதுதான் சுலபமாக இருந்தது. நடப்பதும் பெரும்பாலும் அதுதான்.

கண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வருகிறான். "என்னத்தா, வாசல்லயே நிக்கிற? என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கு?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோகிறது.

"அண்ணே..."

இதற்குப் பிறகு நான் எழுதிய எதுவும் நிற்கவில்லை. அடுத்த வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் உள்ளே இருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள். தனக்காக யாராவது ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று அவள் ஈரக் கையோடு நிற்கிறாள்.