பத்தாவது ஆள்

ரயில் கேட் விழுந்தபோது எங்களுக்கு இன்னும் மூன்று மைல் பாக்கி இருந்தது.

பத்து மைல் ஓடி வந்த கால் சட்டென்று நின்றால் என்ன ஆகும் என்பது ஓடாதவர்களுக்குத் தெரியாது. தொடை கல்லாகும். முதுகில் வியர்வை குளிர்ந்து சட்டையோடு ஒட்டும். கேட்டுக்கு இந்தப் பக்கம் பதினைந்து பேர் நின்றோம். பந்தயத்தின் வால் நாங்கள்தான். மற்றவர்கள் எல்லாரும் முன்பே தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

என் கையில் ஒரு தடி இருந்தது, அதன் உச்சியில் ஒரு அட்டை. அட்டையில் மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தது. இந்தத் தடிக்குப் பின்னால் ஓடி வா, மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று அதற்குப் பொருள். அதற்கு மேல் ஒரு விநாடி ஆனாலும் ஓடினது கணக்கில் வராது. எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் உறுமிக்கொண்டு நின்றது. நேரத்துக்குள் வர முடியாதவர்களைப் பொறுக்கி ஏற்றிக்கொள்வதற்கான வேன் அது. ஓட்டியவர் டுவேன், நகர விளையாட்டுத் துறையின் தலைவர்.

சரக்கு ரயில் வந்தது. சோளப் பெட்டிகள், எண்ணெய்ப் பெட்டிகள், மறுபடி சோளப் பெட்டிகள். முடிவே தெரியவில்லை.

நான் வேனுக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "மிஸ்டர் டுவேன், கடிகாரத்த நிறுத்துறீங்கதானே?"

"எதுக்கு?"

"எதுக்கா? முன்னாடி ரயில் போறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"எல்லாருக்கும் ஒரே கடிகாரம்தாம்மா" என்றார். கண்ணாடி ஏறிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இதுதான். எங்கள் ஓட்டக் கூட்டத்துக்கு வியாழன்கள் என்று பெயர். வியாழக்கிழமை ஓடுவதால் அப்படி, வேறு யோசனை எதுவும் இல்லை. என்னைத் தவிர எல்லாரும் இறைச்சி ஆலையில் கத்தி பிடிக்கிறவர்கள். என் அப்பா அம்மாவும் அங்கேதான். நான் படித்துத் தப்பித்தவள். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது, காப்பீட்டு அலுவலகத்தில் நாற்காலியும் கிடைத்திருக்கிறது. பனி விழ ஆரம்பித்தால் ஆலை விடும் நேரத்துக்கு இருட்டிவிடும், ரோடு முழுக்கக் கண்ணாடிபோல் வழுக்கும் பனி. அந்த மாதங்களில் நகர அரங்கத்துக்குள் இருக்கும் ஓடுபாதையில்தான் ஓடுவோம். நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய்மார்கள் சுற்றி ஓடலாம், ஒரு கண் பிள்ளை மேல், ஒரு கண் பாதை மேல். அந்த இடம் இல்லையென்றால் கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டோடு முடங்கிவிடுவார்கள்.

இந்த வருடம் அந்த அரங்கத்தின் சாவியை இன்னொரு சங்கமும் கேட்டது. பல் டாக்டர்கள், வங்கிக்காரர்கள், ஒரே நிறத்தில் சட்டை போட்டவர்கள். டுவேன் ஒரு நிபந்தனை வைத்தார். இலையுதிர்காலப் பந்தயத்தில் பத்துப் பேரை நேரத்துக்குள் ஓடி முடிக்க வைக்கும் சங்கத்துக்கே சாவியில் பங்கு. அவர்கள் நாற்பது பேரை இறக்கினார்கள். ஆலையில் சனிக்கிழமையும் வேலை. கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்க முடிந்தது ஒன்பது பேருக்கு. என்னையும் சேர்த்துப் பத்து. அந்தப் பத்தில் எட்டுப் பேர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நானும் தோன்யா மிர்த்தாவும் இந்தப் பக்கம். தோன்யா என்பது எங்கள் ஸ்பானிஷில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

மிர்த்தா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். ஐம்பதை நெருங்கியவள். நாள் முழுக்க நின்றபடி மாட்டுத் தோள்பட்டையில் எலும்பு பிரிக்கிறவள். ஆரம்பத்தில் கும்பலோடு சேர்ந்து தலைதெறிக்க ஓடிவிட்டாள். மெதுவா, மெதுவா என்று கத்தினேன், காதில் வாங்கவில்லை. அதற்கான வட்டியை இப்போது இடுப்பு கட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு போச்சு?" என்றாள் நிமிராமல்.

"அஞ்சு நிமிஷம். இன்னும் பெட்டி வந்துட்டே இருக்கு."

"பொய் சொல்லாத."

"சரி, ஆறு."

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது பொண்ணே. நீ காப்பீடு வித்து எப்படித்தான் பொழைக்கிறியோ."

கேட் தூக்கியதும் கணக்குப் போட்டேன். இதுவரை ஓடிய வேகத்தில் போனால் மூன்று மணி நேரத்துக்குள் ஒருத்தரும் சேர மாட்டார்கள். வேகத்தைக் கூட்டினால் பத்துப் பதினோரு பேர் சேரலாம். மிர்த்தா அதில் இருக்க மாட்டாள்.

"போ" என்றாள் அவள்.

"நான் உங்களோட வரேன். தடிய வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்."

"பைத்தியமா நீ? இவங்க எல்லாம் இந்தத் தடிய நம்பித்தான் வந்துட்டிருக்காங்க. நீ பாட்டுக்குப் போ. ஒண்ணு மட்டும் பண்ணு. தடியத் தூக்கிப் பிடி. அது என் கண்ணுல பட்டுட்டு இருக்கிற வரைக்கும் நான் வந்துட்டே இருப்பேன்."

போனேன். ஒரு தபால்காரர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு பெண், பெயர் தெரியாத இன்னும் சிலர் என் முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். தடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். ஒரு மைல் தாண்டியதும் தோள் கழன்று விழுவதுபோல் இருந்தது. கை மாற்றினேன். காற்று அட்டையைப் பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மிர்த்தாவின் ஆரஞ்சுத் தொப்பி சின்னதாகிக்கொண்டே வந்தது. தொப்பிக்குப் பின்னால் வெள்ளை வேன். ஆனால் வேன் தொப்பியைத் தாண்டவில்லை.

நீதிமன்றத் தெருவில் திரும்பினால் எல்லைக்கோடு தெரியும். திரும்பினேன். இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு, நடுவில் மூன்று பேர் மட்டுமே ஒன்றாக நுழையக் கூடிய இடம், தரையில் கறுப்புப் பாய், மேலே சிவப்பு எண்களில் கடிகாரம். ஷூ கயிற்றில் கட்டிய மின்சில்லு அந்தப் பாயைத் தாண்டினால்தான் நேரம் பதிவாகும்.

பாய்க்கு இந்தப் பக்கம், தடுப்பை ஒட்டி, என் ஆட்கள் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஒருவரும் கோட்டைத் தாண்டியிருக்கவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. வியாழக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் வந்தவர்கள் முடிவுக் கோட்டுக்கு முன்னாலேயே நிற்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் அவர்தான் முதலில் கோட்டைத் தாண்ட வேண்டும், அடுத்து அவருக்கு முந்தினவர், அப்படியே போய்க் கடைசியில் எல்லாரையும்விட வேகமானவர். யாரும் தனியாக ஓடி முடிப்பதில்லை என்று காட்ட மிர்த்தாதான் இதை ஆரம்பித்தாள். பந்தயத்திலும் அதையே செய்வார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவர்களில் அனிபால் ஊரிலேயே வேகமான கால் உள்ளவன். அவன் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். குளிரில் உதடு நீலமாகி நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள போங்கடா!" என்று கத்தினேன்.

"தோன்யா எங்க?" என்றான் அனிபால்.

"வராங்க. நீ போ!"

"அவங்க வராம ஒம்பது பேரு போய் என்ன பிரயோஜனம் பட்டதாரி? பத்து இல்லன்னா சாவியும் இல்ல."

"அதுக்காக எட்டுப் பேரும் வெளிய நிக்கணுமா? மூளை இருக்கா உங்களுக்கு?"

"இருந்தா ஆலையில ஏன் இருக்கோம்?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் நிற்கவில்லை. என் பின்னால் வந்தவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பாயைத் தாண்டினேன். தபால்காரர் தாண்டினார். வாத்தியார் தாண்டிவிட்டு அழுதார். மூன்று மணி நேரம் முடிய இன்னும் ஒரு நிமிடம் கூட இல்லை.

இப்போது நான் உள்ளே, அவர்கள் வெளியே. தெருமுனையில் ஆரஞ்சுத் தொப்பி திரும்பியது.

மிர்த்தா ஓடவில்லை, ஒரு காலை இழுத்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தாள். வாய் திறந்திருந்தது. தெருவே கத்தியது. ஒரே நிறச் சட்டைக்காரர்கள்கூடக் கத்தினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வேன் முனையிலேயே நின்றுவிட்டது. எட்டுப் பேரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விட்டார்கள். அவள் அவர்களுக்கு இடையில் விழுந்தடித்து வந்து பாயை மிதித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் இருந்தது. கையளவு விநாடிகள் இருந்தன.

"வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க!" என்று தடுப்பைத் தட்டினேன்.

வந்தார்கள். வழக்கப்படி வந்தார்கள். அவளுக்கு அடுத்து மெதுவானவர், அவருக்கு அடுத்தவர். ஒருவரை ஒருவர் இடிக்காமல், முதுகில் கை வைத்து முன்னால் அனுப்பிக்கொண்டு, ஒழுங்காக. நான் அவர்களையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நான்கு பேர், ஐந்து பேர். அனிபால் கடைசியில் நின்று ஏழாவது ஆளை உள்ளே தள்ளினான். பிறகுதான் காலை எடுத்து வைத்தான்.

மேலே எண்கள் புரண்டுவிட்டன. இரண்டு விநாடி தாமதம்.

கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு என்ன தெரியும். நான் கைதட்டவில்லை.

டுவேன் வேனிலிருந்து இறங்கி வந்து பதிவுத் திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒம்பது" என்றார்.

"ரயில் ஏழு நிமிஷம் தின்னுச்சு. நீங்களும் அங்க நின்னீங்க."

"நின்னேன்."

"அப்புறம்?"

"விதிய நான் எழுதலம்மா. கமிட்டி எழுதுச்சு."

"கமிட்டிக்குத் தலைவர் யாரு?"

அவர் கெட்டவர் இல்லை என்று பிறகு நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு அது தேவையில்லாத தகவல்.

அனிபால் முழங்காலில் கை ஊன்றி நின்றான். மிர்த்தா தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது என்ற சொல் அவள் காதுக்குப் போனதும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரு?"

அனிபால் கையைத் தூக்கினான்.

"நீயா? ஊர்லயே வேகமா ஓடுறவன் நீ. நீ நேரத்துக்கு வரல?"

"எல்லாரும் போகட்டும்னு..."

"என்ன எல்லாரும்? மாதா கோயில் வாசல்ல நின்னு கிழவிகளுக்குக் கதவு திறந்து விடுறோம்னு நெனச்சியா? இடுப்பு ஒடியப் பத்தாவது ஆளா நான் வந்து சேர்ந்தேன்டா! நீ அங்க நின்னு மரியாதை பண்ணிட்டு இருக்கியா?"

"நீங்க சொல்லிக் குடுத்த பழக்கம்தானே, தோன்யா."

அவள் அவனுடைய நீலமான காதுகளை இரண்டு கையாலும் பொத்தித் தேய்த்துவிட்டாள். திட்டிக்கொண்டேதான் தேய்த்தாள்.

எனக்கு யார் மேல் கோபம் என்று வீடு போய்ச் சேரும்வரை பட்டியல் போட்டேன். ரயில், டுவேன், சனிக்கிழமையும் விடாத ஆலை. பட்டியலில் அனிபாலும் இருந்தான், மிர்த்தாவும் இருந்தாள். பிறருக்கு வழி விடுவது எங்கே போனாலும் எங்களோடு ஒட்டிக்கொண்ட பழக்கமாகிவிட்டது. அதற்குப் பரிசாக எங்களுக்குக் கிடைப்பது கைதட்டல் மட்டும்.

அடுத்த வியாழன் பனி விழுந்தது. அரங்கத்துக் கதவில் ஒரே நிறச் சட்டைக்காரர்களின் நேர அட்டவணை. யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே ஆலையின் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன், மிர்த்தா வரச் சொல்லியிருந்தாள்.

அவள் கார்களை வட்டமாக நிறுத்த வைத்திருந்தாள், மூக்கு வெளிப்பக்கம் பார்க்க. முன்விளக்கு எல்லாம் எரிந்தது. கார்களுக்குள் ஹீட்டரும் பிள்ளைகளும். வெளிச்சம் விழுந்த இடத்தில் வழுக்காமல் இருக்க உப்பும் மணலும் கொட்டி, மண்வெட்டியோடு அனிபால் நின்றான். பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். விடுப்புக் கிடைக்காமல் பந்தயத்துக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள்.

"இன்னிலேருந்து யாரும் யாருக்காகவும் கோட்டுல நிக்கக் கூடாது" என்றாள் மிர்த்தா. "முடிச்சவன் முடிச்சிட்டுத் திரும்பி வந்து, பின்னாடி இருக்கிறவ கூட ஓடணும். நின்னா உதைப்பேன். ஓடுங்க."

ஓடினோம். மூன்றாவது சுற்றில் ஆலைக் காவலர் டார்ச்சோடு வந்தார்.

"இங்க ஓட யாரு அனுமதி குடுத்தா?"

"பதினோரு வருஷமா இந்த ஆலைக்குள்ள ஓடிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் மிர்த்தா, நிற்காமல். "அப்பல்லாம் யாரும் அனுமதி கேக்கலையே."

"நான் மேனேஜரக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு சார். அவர் வர்றதுக்குள்ள நாங்க முடிச்சிருவோம். கொஞ்சம் ஒதுங்கி நில்லு, பாதை வழுக்குது."

அவர் ஒதுங்கினார். போனை எடுத்துக் காதில் வைத்தார். இந்த வேலை போனால் மிர்த்தாவுக்கு வேறு வேலை கிடையாது, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் வேகத்தைக் குறைத்து அவள் பக்கத்தில் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சுற்றில் காவலரைத் தாண்டினோம். போன் இன்னும் காதில்தான் இருந்தது. யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. அவர் காத்திருந்தார். நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம்.