பெரட்டில் கேட்ட குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் இருந்தவர்கள் நான்கு பேர். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் விட்டுவைக்கும் அறை அது. பெரியவர்களுக்கு அங்கே கதிரை கிடையாது. ராசம்மா ஜன்னலோரம், பிள்ளைகளின் குட்டி வாங்கில், முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஜீவராஜ் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல், பெயர்ப் புத்தகம் மடியில். நிஷாந்தி தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில். கந்தப்பன் கதவுக்கு எதிரே, சாக்கின் மேல்.

இதைத்தான் கந்தப்பன் கொப்பியில் முதலில் எழுதினார். பன்னிரண்டு வருடம் சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்து மனு எழுதிய கை. யார், எங்கே, எப்போது என்று தொடங்காவிட்டால் அதற்கு எழுத ஓடாது.

நடந்தது இவ்வளவுதான். புதன்கிழமைக் காலைப் பெரட்டில், எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, ஜீவராஜ் அவசரத்தில் போன மாதப் புத்தகத்தை எடுத்துவந்துவிட்டார். குனிந்த தலை நிமிராமல் வாசித்துக்கொண்டே போனவர் "நாகலெட்சுமி" என்றும் கூப்பிட்டார். கந்தப்பனின் மனைவி நாகலெட்சுமி மலையில் குளவி கொட்டிச் செத்து அன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள். அவள் குரலில் பதில் வந்தது. வந்ததாக அடையாளமும் போட்ட பிறகுதான் ஜீவராஜுக்குக் கை நின்றது. பெண்கள் வரிசை முழுக்கத் திரும்பிக் கந்தப்பனைப் பார்த்தது. கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் வரிசையில் நின்ற அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலையே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கும் மகன் மதுரனிடம் போனில் சொன்னார்.

"அது மூளை செய்ற வேலைப்பா. இருவது வருசமா அந்தப் பேருக்குப் பின்னால அம்மா சத்தம் வந்திருக்கு. பேரக் கூப்பிட்டதும் மிச்சத்த மூளையே நிரப்பிக்கும். பழக்கம், அவ்வளவுதான்."

நல்ல விளக்கம்தான். கந்தப்பன் ஒன்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவன் அடுத்த விளக்கத்துக்குப் போய்விட்டான். கடிதமென்றால் குறுக்கே பேச மாட்டான். அதற்காகத்தான் குரலைக் கேட்டவர்களில் மூன்று பேரை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவுக்கு வரச் சொல்லியிருந்தார்.

"கண்டாக்கையா, அவ என்னா சொன்னா? அப்படியே சொல்லுங்க," என்றார் கந்தப்பன்.

"'இருக்கேங்க'ன்னுச்சு."

"இல்லவே இல்ல," என்றாள் நாகலெட்சுமியோடு கொழுந்தெடுத்த ராசம்மா. "'இந்தா வந்துட்டேன்'னா. என்னைக்கு அவ நேரத்துக்கு வந்து நின்னா, இருக்கேன்னு சொல்ல?"

ஜீவராஜ் சிரித்துவிட்டு, கந்தப்பனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரிங்கய்யா. அவளும் சிரிச்சிருப்பா," என்றபடி கந்தப்பன் நிஷாந்தியின் பக்கம் திரும்பினார். றொசல்லப் பக்கமிருந்து இந்தத் தோட்டத்துக்குக் கல்யாணம் கட்டி வந்து பத்து நாள்தான். பெரட்டு வரிசையில் நாகலெட்சுமி நின்ற இடத்தில் இப்போது நிற்பவள்.

"நான் அவங்களப் பாத்ததே இல்லியே மாமா. கொஞ்சம் கட்டக் கொரலு. இழுத்துச் சொன்னாங்க. யாரோ அக்கா பிந்தி வாறாங்கன்னு நெனச்சு, நகந்து எடம் விட்டேன்."

கந்தப்பனின் பேனா நின்றது. கேட்டே இராதவளுக்கு ஏது பழக்கம்? ஆனாலும் மனு எழுதியவர் ஒரு பக்கத்து நியாயத்தை மட்டும் எழுத மாட்டார்.

"ராசம்மா, அவ கொரலப் பத்தி இந்தப் புள்ளகிட்ட பேசினியா?"

"பேசாம? அன்னையிலருந்து இந்த வாய் எப்ப மூடுச்சு?"

அதையும் எழுதினார். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னதை மதுரன் பிடித்துக்கொள்வான். ஆனால் விசாரணையில் ஒரே மாதிரிச் சொல்லும் சாட்சிகளுக்குத்தான் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பது கந்தப்பனின் அனுபவம். கொப்பியை மூடினார்.

"கண்டாக்கையா, இன்னொருக்கா கூப்பிடுங்க."

"வேணாம்ண்ணே," என்றாள் ராசம்மா. "போறவள வழியில நிப்பாட்டாதீங்க."

"நிப்பாட்டல. எனக்கு ஒருக்கா கேட்டாப் போதும். பொய்யா இருந்தாலும் பரவால்ல."

ஜீவராஜ் எழுந்து, பெரட்டில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார். "நாகலெட்சுமி!"

கந்தப்பன் கதவுப் பக்கம் காதைச் சாய்த்தார். வளைவில் நோர்வூட் பஸ் கியர் மாற்றி ஏறியது. கூரைத் தகரத்தில் நாலு மழைத்துளி விழுந்தது. ராசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணே," என்றார் ஜீவராஜ் மெதுவாக.

திங்கட்கிழமை கடிதம் முடிந்தது. கடைசிப் பக்கம் இப்படி இருந்தது:

'நீ சொன்னது பிழை என்று நான் எழுதவில்லை. உனக்குச் சாதகமானதையும் மறைக்கவில்லை. இரண்டே கேள்வி. பழக்கத்தால் கேட்டதென்றால், இருபத்தாறு வருடம் ஒரே காம்பராவில் அந்தக் குரலைக் கேட்டவன் நான். என் மூளை ஏன் சும்மா இருந்தது? அது அவள் குரலேதான் என்றால், என்னை விட்டுவிட்டு அவர்களுக்கு ஏன் பதில் சொன்னாள்? முதலாவதை உன் புத்தகங்களில் தேடிப் பார். இரண்டாவதை யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. அதனால் அதையும் உனக்கே எழுதுகிறேன். உனக்கு எப்போதாவது கேட்டால், அது மூளை என்று தெரிந்தாலும், என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.'

நான்காக மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார். நோர்வூட் தபால் கந்தோரில் இருந்த பெண் உறையைக் கையில் நிறுத்துப் பார்த்தாள்.

"பாரமா இருக்கே. பதிவுத் தபாலா?"

"இல்லம்மா, சாதாரணமாப் போகட்டும். எப்ப போய்ச் சேரும்?"

"புதன் கிடைச்சிரும்," என்று முத்திரையைக் குத்தி, உறையைப் பைக்குள் போட்டாள்.