ஆட்சேபணை இல்லாதவள்

என்னை யாரும் தேர்ந்தெடுக்கல. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இங்க பாபடோயிட்டோய்ங்கற பேட்டையில இருக்கற மளிகைக் கடைக்குப் போனா கறிவேப்பிலை எடுக்க விடாம "வணக்கம் தலைவர் மேடம்"னு நாலு பேர் கும்பிடறாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. என்னை யாரும் வேணும்னு சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. அவ்வளவுதான் நடந்தது, ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

நியூசிலாந்துல, ஆக்லாந்துல தமிழருக்கு மூணு சங்கம். தமிழ்நாட்டுக்காரங்களுக்கு ஒண்ணு, ஈழத்துக்காரங்களுக்கு ஒண்ணு, மலேசியாக்காரங்களுக்கு ஒண்ணு. பொங்கலும் தனித்தனி, தமிழ்ப் பள்ளிக்கூடமும் தனித்தனி, சண்டை மட்டும் எல்லாரும் சேர்ந்து போடறது. நாலு வருஷம் முன்னாடி ஒடாஹுஹு ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பெரிய ஹால் காலியாச்சு. மூணு சங்கமும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம ஹாலை வெச்சிருக்கற நகர கவுன்சில்ல போய்க் கேட்டாங்க. அங்க இருந்த அம்மா பொறுமையா கேட்டுட்டு, "எல்லாரும் ஒரே மொழிதானே பேசறீங்க, ஒண்ணா வாங்க, எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு தலைவரோட வாங்க, ஹால் உங்களுக்கு"ன்னு சொல்லிட்டாங்க. பாவம், நல்ல மனசோட சொன்ன வார்த்தை.

அப்படிப் பொறந்ததுதான் எங்க பேரவை. மூணு சங்கமும் அதுல உறுப்பு. யாரும் யாரையும் அமுக்கிடக் கூடாதுன்னு ஒரு விதி வெச்சாங்க: எந்தச் சங்கத்து ஆளா இருந்தாலும் சரி, ஒருத்தர் எழுந்து ஆட்சேபணைன்னு சொன்னா அந்தத் தீர்மானம் விழுந்துடும். கேக்க நல்லாத்தான் இருந்தது. பேரவைத் தொடக்க விழாவுல குத்துவிளக்கு ஏத்த மூணு மெழுகுவத்தி வாங்கினாங்க, யார் முதல்ல ஏத்தினாங்கன்னு பேச்சு வரக் கூடாதாம். மூணு சங்கத் தலைவருங்களும் ஒரே நேரத்துல குனிஞ்சு நங்குன்னு தலையை முட்டிக்கிட்டாங்க. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

தலைவர் யாருன்னு முடிவு பண்ண உக்காந்தப்ப காலையில ஆரம்பிச்ச பேச்சு இருட்டற வரைக்கும் போச்சு. ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆட்சேபணை. நான் அப்ப எந்தச் சங்கத்துலயும் இல்ல. தமிழ்நாட்டுச் சங்கத்துல இருந்தவதான், தீபாவளி நிகழ்ச்சியில பொம்பளைங்க எல்லாரையும் சமையலுக்கே தள்ளினாங்கன்னு தலைவர் ரங்கநாதன் சாரோட சண்டை போட்டு வெளிய வந்துட்டேன். அன்னிக்கு வீட்டுக்காரர் கோகுலைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்து ஓரமா உக்காந்திருந்தேன். மலேசியச் சங்கத்து நல்லசாமி அண்ணன் திரும்பிப் பாத்து, "இந்தத் தங்கச்சி யாரு பக்கமும் இல்லல்ல? அவங்களே இருக்கட்டும்லா, ஆறு மாசம்"னார். பசி எல்லாருக்கும். ஒருத்தரும் வாயைத் திறக்கல. கோகுல் சிரிச்சுட்டே, "ஆறு மாசம்தானே பிரியா"ன்னார்.

நாலு வருஷம் ஆச்சு.

கோகுலுக்கு ஆஸ்திரேலியாவுல, பிரிஸ்பன்ல வேலை கிடைச்சு ஒண்ணரை வருஷம் ஆகுது. இங்க வாங்கின சம்பளத்துல ரெண்டு பங்கு. போகாம எப்படி இருப்பார்? பொண்ணு மஹதியையும் கூட்டிட்டுப் போயிட்டார், பதினாறு வயசு, நல்ல ஸ்கூல். நான் ஒரு மாசத்துல ஆளைக் கண்டுபிடிச்சு ஒப்படைச்சுட்டு வரேன்னேன். ஏவன்டேல்ல மூணு பெட்ரூம் வீட்டை விட்டுட்டு ஒத்தை அறைக்கு மாறினேன், பெட்டியைக் கூட முழுசாப் பிரிக்கல. ஞாயித்துக்கிழமை சந்தையில கீரை வாங்கும்போது ஒரு கட்டுதான் வாங்கறேன், அதுவும் மீந்து போகுது. ஃபோன்ல மஹதி முன்னாடி "வென் ஆர் யூ கமிங், அம்மா?"ன்னு கேப்பா. இப்பல்லாம் கேக்கறதில்ல. "பை"ன்னு சொல்லி அப்பாகிட்ட குடுத்துடறா. அதுதான் என்னைக் கொல்லுது.

விட்டுட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. என் அக்காவும் கரூர்ல இருந்து அதையேதான் கேக்கறா. தலைவர் இல்லன்னா ஹால் திரும்பப் போயிடும். சனிக்கிழமை அந்த ஹால் பூரா பிள்ளைங்க. ஈழத்துப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் ஈப்போ பிள்ளையும் ஒரே பெஞ்சுல உக்காந்து, ஒரே புஸ்தகத்தை வெச்சு, ஒரே மாதிரி தப்பா எழுதுதுங்க. யார் வீட்டுல எழவு விழுந்தாலும் கூடறது அங்கதான். நாலு வருஷத்துல உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான், அதை என் கையால பூட்டிட்டு விமானம் ஏற எனக்கு மனசு வரல.

போன வாரம் கோகுலே நேர்ல வந்துட்டார். ரெண்டு டிக்கெட்டோட வந்தார். "திங்கக்கிழமை காலையில ஃப்ளைட். இந்தத் தடவை நீ வரலன்னா நான் மறுபடி கேக்க மாட்டேன், பிரியா"ன்னார். கத்தல, கோபப்படல, சட்டையை மடிச்சு வெச்சுக்கிட்டே சொன்னார். கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், சமாளிச்சிருப்பேன். "ஞாயித்துக்கிழமை பேரவைக் கூட்டம் இருக்கு, ஒப்படைச்சுட்டு வந்துடறேன். நீங்களும் வந்து பாருங்க"ன்னேன்.

என்கிட்ட ஆள் இருந்தது. சிவானின்னு ஒரு பொண்ணு, இங்கயே பொறந்தவ, வக்கீல். அப்பா யாழ்ப்பாணம், அம்மா கோயம்புத்தூர், வீட்டுக்காரன் மலேசியத் தமிழன். மூணு ரத்தமும் ஒரே வீட்டுல ஓடுது, இதை விட என்ன வேணும்? தமிழ் கொஞ்சம் தடுமாறும், ஆனா புரியும். ஞாயித்துக்கிழமை ஹால்ல நாற்காலி நிறைஞ்சிருந்தது. கோகுல் கடைசி வரிசையில, வாசல் கதவுப் பக்கம் உக்காந்தார். நான் எழுந்து சிவானி பேரைச் சொன்னேன்.

ஈழத்தமிழர் சங்கத் தலைவர் சபாரத்தினம் ஐயா தொண்டையைச் செருமினார். ரிட்டயர்ட் எஞ்சினியர், மரியாதையான மனுஷன், மரியாதையாவே வெட்டுவார். "பிள்ளை நல்ல பிள்ளை. நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்ல. ஆனா தாய் இந்தியா எல்லோ. நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டு வந்தா எங்கட ஆக்கள் அதைத்தான் கதைப்பினம்."

ரங்கநாதன் சார் உடனே எழுந்தார். "அவர் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. அப்பா அவங்க ஆளு, அந்தப் பொண்ணு வளர்ந்ததே அவங்க நிகழ்ச்சியிலதான். எங்க பக்கம் எப்படி ஏத்துக்கும்?"

"ரெண்டு பேருக்கும் சொந்தம்னு நீங்களே அடிச்சுக்கறீங்க. மாப்பிள்ளை மலேசியான்னு சொல்லி எங்களைச் சேர்த்துட்டாப் போதுமா?"ன்னார் நல்லசாமி அண்ணன். "கல்யாணம் கட்டினா ஆள் மாறிடுமாலா?"

எல்லாருக்கும் சொந்தமானவ யாருக்கும் வேண்டாம். எனக்கு உள்ளுக்குள்ள கொதிச்சது. சிவானி என் பக்கத்துல குனிஞ்சு, "இட்ஸ் ஓகே ஆன்ட்டி"ன்னா. அவ கண்ணு கலங்கியிருந்தது. இந்த ஹால்ல ஓடி ஆடற பிள்ளைங்கல்லாம் நாளைக்கு இவளை மாதிரிதானே வளரும், அவங்களையும் இப்படித்தான் எடை போடுவீங்களான்னு கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, அதுல மட்டும் ஒத்துமை.

அப்பதான் நல்லசாமி அண்ணன் அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்தார். "எதுக்கு மாத்தணும்? தங்கச்சி நல்லாத்தானே பாத்துக்குறாங்க. இவங்களே நிரந்தரமா இருக்கட்டும்."

"ஓம், அதுதான் சரி"ன்னு சபாரத்தினம் ஐயா கையைத் தூக்கினார்.

ரங்கநாதன் சார், என்னோட தீபாவளிச் சண்டை போட்ட அதே ரங்கநாதன் சார், "மனப்பூர்வமா ஆதரிக்கிறோம்"னு கையைத் தூக்கினார். அவங்களுக்குப் பின்னாடி ஹால் பூரா கை தூக்குச்சு. சாம்பாரா சொதியான்னு கூட ஒத்துப் போகாத கூட்டம். நாலு வருஷத்துல முதல் தடவையா ஒரு விஷயத்துல மூணு பேரும் ஒண்ணாயிட்டாங்க, அந்த விஷயம் நான்.

உண்மையைச் சொல்றேன், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமா இருந்தது. யாரும் வேண்டாம்னு சொல்லாததால உக்காந்தவளை இன்னிக்கு வேணும்னு கேக்கறாங்க. அடுத்த நிமிஷமே கோகுல் இருந்த கதவுப் பக்கம் பாத்தேன்.

கேக்க வேண்டியது என் கடமை. "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

"எனக்கு இருக்கு"ன்னு கோகுல் எழுந்தார். மைக் இல்லாமயே பேசினார். "நான் தமிழ்நாட்டுச் சங்கத்துல ஆயுள் உறுப்பினர். எனக்கு ஆட்சேபணை. எனக்கு என் பொண்டாட்டி வேணும்."

கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு, ஏன்னா விதிப்படி அந்த ஒரு குரல் போதும். தீர்மானம் விழுந்துடும். அவங்க வேற ஆளைத் தேடித்தான் ஆகணும், நான் திங்கக்கிழமை விமானத்துல இருப்பேன். அவர் நின்ன விதத்தைப் பாத்து எனக்கு அப்படியே ஓடிப் போய் அவர் கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்தது.

சபாரத்தினம் ஐயா மெதுவா எழுந்தார். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. போன வருசம் பள்ளிக்கூடப் புத்தகம் வந்த நேரம் மெல்பேர்னில இருந்து ஒராள் வந்து ஆட்சேபணை சொன்னவர். இந்த ஊரில இல்லாத ஆளுக்கு இஞ்ச குரல் இல்லையெண்டு நீங்கள்தானே தீர்ப்புச் சொன்னனீங்கள்."

சொன்னேன். நான்தான் சொன்னேன். அந்த ஆள் ரங்கநாதன் சாரோட நண்பர், இங்க சங்கத்துல பெரிய ஆளா இருந்துட்டு மெல்பேர்ன் போனவர். லீவுக்கு வந்த இடத்துல எழுந்து, மூணு நாட்டுத் தமிழையும் கலந்து புஸ்தகம் போடக் கூடாதுன்னார். போனவர் போனவர்தான், இங்க குடியிருக்கறவங்கதான் முடிவு பண்ணணும்னு சொல்லி உக்கார வெச்சேன். தமிழ்நாட்டுக்காரங்க முணுமுணுத்தாங்க, ஆனா ஏத்துக்கிட்டாங்க. நான் யாரு பக்கமும் இல்லங்கற ஒரே காரணத்துக்காக ஏத்துக்கிட்டாங்க. அந்தத் தீர்ப்பு மேலதான் பள்ளிக்கூடமே நிக்குது.

ரங்கநாதன் சார் என்னையே பாத்துட்டிருந்தார். அவர் மனசுல ஓடறது எனக்குத் தெரியும். உன் புருஷன்னா ஒரு நியாயம், என் நண்பன்னா ஒரு நியாயமா? இன்னிக்கு கோகுல் குரல் செல்லும்னா, போன வருஷம் அந்த ஆள் குரலும் செல்லும். புஸ்தகம் போயிடும். அடுத்த சனிக்கிழமை மூணு பெஞ்சு, மூணு புஸ்தகம். அப்புறம் மூணு ஹால் தேடிக்கிட்டு அலைவாங்க.

சிவானியைப் பாத்தேன். அவ தரையைப் பாத்துட்டிருந்தா. ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது எழுந்து, இந்த அம்மாவை விடுங்கய்யான்னு சொல்லியிருந்தா போதும். அத்தனை பேருக்கும் குரல் இருந்தது. என்னைப் போகச் சொல்ல நினைச்ச ஒரே மனுஷனுக்குத்தான் குரல் கிடையாது. எனக்கு ஓட்டும் கிடையாது, ஆட்சேபணையும் கிடையாது, தலைவராச்சே.

"பிரிஸ்பன்ல குடியிருக்கறதால..."ன்னு ஆரம்பிச்சேன். தண்ணி குடிச்சேன். "ஆட்சேபணை செல்லாது."

கை தட்டினாங்க. நியாயம்னு யாரோ பெருமையாச் சொன்னாங்க. எனக்கு அந்த ஆளைக் கன்னத்துல அறையணும் போல இருந்தது.

கோகுல் உக்காரல. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டார். "மஹதிகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"னு கேட்டார். சண்டைக்குக் கேக்கல, நெஜமாவே தெரியாமத்தான் கேட்டார்.

ஹால் பூரா என் முகத்தைப் பாத்தது. தலைவர் அழக் கூடாது. "கூட்டம் முடியட்டுங்க, வந்து பேசறேன்"னேன்.

"உன் கூட்டம் முடியாது, பிரியா."

அவ்வளவுதான் சொன்னார். கதவைத் திறந்து போட்டபடியே இறங்கிப் போயிட்டார். வெளிய மழை, சாரல் கடைசி வரிசை வரைக்கும் அடிச்சது. நல்லசாமி அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு வந்து உக்காந்தார். அடுத்த விஷயம் என்னன்னு நான் கேட்டேன்.