இருபத்து மூன்றாம் போர்ட்

அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் என்ன ஆகும்? டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை ஒருவரைப் பெரிய சகலை, இன்னொருவரைச் சின்ன சகலை என்று கூப்பிடுவார்கள். அதுதான் ஆயிற்று. பெரியவருக்கு நெட்வொர்க், இரண்டாம் மாடி. சின்னவருக்கு சர்வர்கள், தரைத்தளம். பெரியவருடைய வயர் முடிகிற இடத்தில் சின்னவருடைய பெட்டி தொடங்கும்.

மூன்று வாரமாக ஸ்கேன் படங்கள் திறக்க அடம்பிடித்தன. புது ஸ்கேன் மெஷின் வந்த நாளிலிருந்து இந்தத் தலைவலி. காலை ஏழு மணிக்கு ஒருவர் மட்டும் பார்த்தால் படம் உடனே வரும். பதினொரு மணிக்கு நாலு டாக்டர்கள் சேர்ந்து பார்த்தால் பாதி மண்டையோட்டோடு திரை நின்றுவிடும். சின்னவர் சர்வருக்கு மெமரி கூட்டினார், வேண்டாத வேலைகளையெல்லாம் நிறுத்தினார். பெரியவர் தன் பங்குக்கு, வயர்களையெல்லாம் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டிகளில் ஸ்கேன் படங்களுக்கு முன்னுரிமை கொடுத்தார். ஊஹூம், ஒன்றும் எடுபடவில்லை.

கடைசியில் டைரக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "தப்பு எந்தப் பக்கம்னு ரெண்டு பேரும் ரிப்போர்ட் குடுங்க. எந்தப் பக்கமோ, அதை வெளி கம்பெனிகிட்ட குடுத்துடுவேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மீட்டிங்" என்றார். அதாவது, வெள்ளிக்கிழமையோடு சகலைகளில் ஒருவருக்கு வேலை போகும்.

பெரியவர் பதினோரு பக்கம் எழுதினார். எழுதும்போது அவருக்கு உள்ளூர ஒரு குஷி இருந்தது, அதை மறைப்பானேன்? நெட்வொர்க்கில் போக்குவரத்து பத்து சதவீதம்கூட இல்லை, அனுப்பிய சோதனைச் செய்தி ஒவ்வொன்றும் கண்மூடித் திறப்பதற்குள் திரும்பி வருகிறது, ஆகவே குற்றம் சர்வரில்தான் என்று அழகழகான வரைபடங்களோடு நிரூபித்தார். தப்பு கீழே என்று முதலில் முடிவு கட்டிவிட்டு, அப்புறம்தான் தேடவே ஆரம்பித்தார். அப்படித் தேடினால் கிடைக்காத ஆதாரம் உண்டா?

இத்தனை ஆத்திரத்துக்குக் காரணம் ஒரு ரவுட்டர் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் மாமனார் வீட்டில் வைஃபை சரியாக வரவில்லை. பெரியவர் ஒரு மணி நேரம் லேப்டாப்பும் கையுமாக என்னென்னவோ மாற்றிப் பார்த்தார். சின்னவர் சாப்பிட்டு எழுந்து வந்தார், ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து மேலே வைத்தார். கூடத்தில் இருந்த எல்லார் போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. "அட, சின்ன மாப்பிள்ளை கைராசிக்காரர்!" என்றார் மாமனார். ஊருக்கெல்லாம் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? அன்றோடு பேச்சு நின்றது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இரண்டு ரிப்போர்ட்டும் டைரக்டர் மேஜைக்குப் போய்விட்டன. பெரியவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மீட்டிங்கில் திரையில் போட இன்னும் ஒரு படம் இருந்தால் சின்னவர் வாயே திறக்க முடியாது என்று தோன்றியது. சர்வரின் வயர் வந்து ஸ்விட்சில் செருகியிருக்கிற துளை, அதாவது இருபத்து மூன்றாம் போர்ட், அதன் பக்கத்தைத் திரையில் திறந்தார். இத்தனை நாளில் அந்தப் பக்கத்தை அவர் திறந்ததே இல்லை.

மோட்: ஹாஃப். மோதல்கள்: நாற்பது லட்சத்துச் சொச்சம்.

அவருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. வயரின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்தால் அது ஃபுல். ஒருவர் அனுப்பும்போது மற்றவர் காத்திருந்தால் ஹாஃப். எந்த மோட் என்பதை ஒன்று இரண்டு முனையிலும் கையால் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் தாங்களே பேசி முடிவெடுக்க விட வேண்டும். ஒரு முனையில் கையால் ஃபுல் போட்டு, மறுமுனையைப் பேசி முடிவெடுக்க விட்டால், பேச்சுக்குப் பதில் வராது; அந்த முனை எதற்கு வம்பு என்று ஹாஃபில் உட்கார்ந்துகொள்ளும். சின்னச் சின்னச் செய்திகள் தடையில்லாமல் போகும். பெரிய படங்கள் பல சேர்ந்து வந்தால் முட்டி மோதிச் சிதறும்.

பழைய ஸ்விட்ச் பேசி முடிவெடுப்பதில் கோளாறு பண்ணியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், "உன் சர்வர்ல கையாலயே ஃபுல் போட்டுடு. என்னைக் கேக்காம அதுல கை வைக்காதே" என்று சின்னவரிடம் சொன்னது யார்? இவர்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த ஸ்விட்சைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டி, போர்ட்டில் ஃபுல் போடாமல் விட்டதும் இவர்தான். கீழே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்து சரிபார்த்திருப்பார்கள். பேச்சுவார்த்தைதான் இல்லையே. புது மெஷினின் கனமான படங்கள் வரும்வரை அது யாருக்கும் உறைக்கவில்லை.

போர்ட்டில் ஃபுல் என்று போட்டார். பத்து வினாடி வேலை. அவசரப் பிரிவுக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னார். "இப்ப டக்குனு வருதே! என்ன பண்ணீங்க?" என்றார் நர்ஸ்.

"ஒண்ணும் இல்லம்மா, சும்மா" என்று வைத்துவிட்டார்.

சும்மாதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பதினோரு பக்கம் பேசும், படங்கள் தானாகச் சரியானதாக ஆகிவிடும், சின்னவர் வீட்டுக்குப் போவார். போர்ட்டின் எண்களை யார் பார்க்கப் போகிறார்கள்? அப்போது ஒரு கேள்வி உதித்தது. சின்னவர் பக்கமும் எரர் ஏறியிருக்குமே. அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தாரா? 'திமிரு! உடம்பெல்லாம் திமிரு!' என்று பல்லைக் கடித்தார் பெரியவர். கடித்த பல் கடித்தபடியே நின்றது.

ரவுட்டர் சம்பவத்தன்று வீடு திரும்பியதும் அவர் தன் மெயிலில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். சின்னவரிடமிருந்து எது வந்தாலும் சத்தமில்லாமல், படித்ததாகக் குறியிட்டு, 'பிறகு' என்ற தனிப் பெட்டிக்குள் போய் விழும். அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவே இல்லை. திறந்தார். நாற்பத்தொரு மெயில்கள். எல்லாவற்றுக்கும் அடியில், மறுநாள் காலையே எழுதியது: "அண்ணா, நேத்து எல்லார் முன்னாடியும் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க." மேலே வர வர வேலை விஷயம். கடைசி மூன்றும் ஒரே விஷயம். "என் பக்கம் எரர் ஏறுது. உங்க போர்ட் எந்த மோட்ல இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கண்ணா. உங்களைக் கேக்காம நான் மாத்த மாட்டேன்." முந்தாநாள் வந்தது: "போன் பண்ணினேன், நீங்க எடுக்கல. டைரக்டர்கிட்ட சொன்னா உங்களைப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க."

மூன்று மணிக்கு டைரக்டர் பதினோரு பக்க ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். சின்னவருடையது ஒரே பக்கம். 'இரு பக்கமும் சேர்ந்து பார்க்க வேண்டும்' என்று அதில் இருந்தது.

பெரியவர் எழுந்தார். "சார், என் ரிப்போர்ட் தப்பு. கோளாறு என் போர்ட்ல. ஒரு மணிக்குத்தான் கண்டுபிடிச்சேன், சரி பண்ணிட்டேன்."

அவசரப் பிரிவு டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "போன வாரம் தலையில அடிபட்டு ஒருத்தர் வந்தார். அந்தப் படத்துக்காக ஆறு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். பிழைச்சுக்கிட்டார், அது வேற விஷயம்."

டைரக்டர் சின்னவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியாதா? இவர்கிட்ட சொல்லலையா?"

சின்னவர் பெரியவரைப் பார்த்தார்.

"மூணு மெயில் போட்டிருக்கார் சார்" என்றார் பெரியவர். "அவர் பேர்ல எது வந்தாலும் என் கண்ல படக் கூடாதுன்னு நான்தான் எட்டு மாசமா ஒதுக்கி வச்சிருந்தேன்."

டைரக்டர் முடிவைச் சொன்னார். நெட்வொர்க் வெளி கம்பெனிக்கு, பெரியவருக்கு ஒரு மாத அவகாசம். கூட்டம் கலைந்தது.

படிக்கட்டில் சின்னவர் காத்திருந்தார். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு ஏதாவது சொல்வார் என்று பெரியவருக்கு ஒரு நப்பாசை.

"எட்டு மாசமாவா அண்ணா?"

"ஆமாம்ப்பா. மன்னிச்சுடு."

"நீங்க படிக்கிறீங்க, கோவத்துல பதில் போடலைன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன். கோவம்னா என்னைக்காவது தீரும்னு இருந்தேன்." சின்னவர் கைப்பிடியைத் தடவியபடி நின்றார். "தப்பு என் மேலதான்னு நீங்க பழி போட்டிருந்தாக்கூட நான் சண்டை போட்டிருப்பேன். இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்."

அவர் தரைத்தளத்துக்கு இறங்கிப் போனார். வேலை போனதை வீட்டில் எப்படியாவது சொல்லிவிடலாம். உன் தங்கை புருஷனுக்கு எட்டு மாதமாக என்ன செய்து வைத்திருந்தேன் என்று மனைவியிடம் எந்த வாயால் சொல்வது? பெரியவர் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.